ராக்கெட் டிக்கெட்டின் பின்பக்கம்

அண்ணா நகரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன், தனியார் ராக்கெட்டில் விண்வெளி வரை போய்த் திரும்பும் பத்து நிமிடப் பயணத்துக்கு முன்பணம் கட்டிவிட்டான். ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? விமானப் பயணிக்கு இருப்பதுபோல் உலகப் பொதுச் சட்டம் இதற்கு உண்டா? அவனைக் கேட்டால், எல்லாம் ஐ.நா. ஒப்பந்தத்தில் இருக்கிறது என்கிறான்."

சார், ஒப்பந்தம் இருக்கிறது. உங்கள் மகன்தான் அதில் இல்லை.

நான் பாரிமுனையில் கப்பல் சரக்கு, விமானச் சரக்கு, காப்பீட்டு வழக்குகள் பார்த்தே தலை நரைத்தவன். விண்வெளிச் சட்டத்தால் எனக்குப் பிழைப்பு நடக்கவில்லை. ஆனால் அது என் பிழைப்புக்குப் பக்கத்து வீடு; சுவரில் காதை வைத்தால் எல்லாம் கேட்கும். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன அச்சடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் இத்தனை வருடமாக என் வேலை. உங்கள் மகனின் கேள்வியும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது.

முதலில் விமானம். மீனம்பாக்கத்தில் ஏறி சிங்கப்பூர் போகும் பயணிக்கு 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை துணை இருக்கிறது. விபத்தில் இறந்தால், விமான நிறுவனம் தவறு செய்ததா இல்லையா என்ற பேச்சே இல்லாமல், ஒரு வரம்பு வரை பணம் கொடுத்தாக வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு 1,51,880 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு); ரூபாயில் ஒன்றரைக் கோடியைத் தாண்டும். அதற்கு மேலும் கேட்கலாம்; அப்போது தன்மேல் தவறில்லை என்று நிரூபிக்கும் பாரம் நிறுவனத்தின் தலையில் விழும். 'நாங்கள் பொறுப்பல்ல' என்று டிக்கெட்டில் அச்சடித்தால் அந்த வரி செல்லாது. வார்சாவில் 1929இல் தொடங்கி எழுபது ஆண்டுகள் அடித்துத் திருத்திக் கிடைத்த பாதுகாப்பு இது.

விண்வெளிப் பயணிக்கு இப்படி ஒன்று கிடையாது. அரைகுறையாகக்கூட இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு 1967க்குப் போக வேண்டும். விண்வெளி உடன்படிக்கை கையெழுத்தான ஆண்டு அது. அதற்கு முந்தைய பேச்சுவார்த்தைகளில் சோவியத் யூனியன் ஒரே பிடியாக நின்றது: விண்வெளியில் அரசுகள் மட்டுமே இயங்க வேண்டும், தனியாருக்கு அங்கே இடமில்லை. அமெரிக்கா ஒப்பவில்லை. இழுபறிக்குப் பிறகு பிறந்த சமரசம்தான் ஆறாவது பிரிவு. தனியார் போகலாம், ஆனால் அவர்களுக்கு அனுமதி கொடுப்பதும் தொடர்ந்து மேற்பார்வை செய்வதும் அவரவர் நாட்டின் கடமை, அவர்கள் செய்வதற்குச் சர்வதேச அரங்கில் அந்த நாடே பதில் சொல்ல வேண்டும். இதைப் போன்ற ஏற்பாடு வேறு துறையில் அரிது. ஒரு தனியார் கப்பல் நடுக்கடலில் தப்பு செய்தால் அந்தக் கொடியின் நாடு நேரடியாக இழப்பீடு கட்டுவதில்லை. ராக்கெட்டில் கட்ட வேண்டும்.

1972ஆம் ஆண்டின் பொறுப்பு உடன்படிக்கை இதை இன்னும் இறுக்கியது. ஏவிய பொருள் பூமியிலோ பறக்கும் விமானத்திலோ விழுந்து சேதம் விளைத்தால், தவறு யாருடையது என்று பார்க்காமல் 'ஏவும் நாடு' முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும். விண்வெளியிலேயே ஒன்றோடு ஒன்று மோதினால் மட்டும் தவறை நிரூபிக்க வேண்டும். இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1978 ஜனவரியில் சோவியத்தின் காஸ்மோஸ் 954 என்ற அணு உலை பொருத்திய செயற்கைக்கோள் கனடாவின் வடக்குப் பனிவெளியில் சிதறி விழுந்தது. கனடா ஏறத்தாழ 60 லட்சம் கனடிய டாலர் கேட்டது. 1981இல் 30 லட்சத்துக்கு முடித்துக்கொண்டார்கள். பாதிக்குப் பாதி. சரக்கு வழக்குகளிலும் பெரும்பாலும் இப்படித்தான் முடியும் என்பதால் எனக்கு இந்தக் கதைமேல் ஒரு தனிப் பாசம்.

இந்த உடன்படிக்கை யாருக்காக எழுதப்பட்டது என்பது எனக்கு உறைத்தது புத்தகத்தில் அல்ல, பழவேற்காட்டில்.

சில ஆண்டுகளுக்கு முன், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் ஒரு காலையில் அங்கே இருந்தேன். ஃபைபர் படகுகள் எல்லாம் மணலில் ஏற்றிக் கிடந்தன. வலைகள் மடித்து வைத்தபடி. ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். சென்னையில் மொட்டை மாடியில் நின்று ராக்கெட்டைப் படம் பிடிப்பவர்களுக்கு அது வேடிக்கை. இவர்களுக்கு ஒரு நாள் கூலி. படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், தான் வக்கீலிடம் பேசுகிறோம் என்று தெரிந்ததும் கேட்டார்: "ஐயா, மேலே போகிறது துண்டாகி எங்கள் தலையில் விழுந்தால் யார் பணம் தருவார்கள்?"

ஐ.நா. உடன்படிக்கை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏழாவது பிரிவு நினைவுக்கு வந்துவிட்டது. ஏவும் நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது. அதே ராக்கெட்டின் அதே துண்டு இலங்கை மீனவர் ஒருவரின் படகில் விழுந்தால், கொழும்பு டெல்லியிடம் கேட்கலாம், டெல்லி தவறு பேசாமல் கொடுக்க வேண்டும். பழவேற்காட்டுக்காரருக்கு உள்நாட்டு நீதிமன்றம்தான். அங்கே அவர் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. அபாயகரமான தொழில் நடத்துபவர் விபத்துக்கு விதிவிலக்கில்லாமல் பொறுப்பு என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது துணைக்கு இருக்கிறது. ஆனால் சர்வதேசச் சட்டம் அவரைப் பார்க்கவே இல்லை. அது அந்நியரைக் காப்பதற்கு அரசுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு.

இப்போது உங்கள் மகனுக்கு வருவோம். அவர் இந்தியக் குடிமகன், அமெரிக்க ராக்கெட்டில் போகிறார்; அப்படியானால் அந்நியர்தானே, இந்தியா அமெரிக்காவிடம் கேட்கலாமே என்று தோன்றும். ஏழாவது பிரிவுக்கு இரண்டாம் பாதி ஒன்று உண்டு. ஏவுவதிலிருந்து இறங்குவது வரை அந்தப் பொருளை இயக்குவதில் பங்குகொள்ளும் வெளிநாட்டவருக்கும் உடன்படிக்கை பொருந்தாது. ஜன்னல் ஓரம் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர் இயக்குவதில் பங்குகொள்கிறாரா? வாதம் செய்யலாம். நானே இரு பக்கமும் வாதிடுவேன். 1972இல் இதை எழுதியவர்களின் மனதில் பணம் கட்டி ஏறும் பயணி என்ற பிராணியே இல்லை. விமானப்படைக்காரர்களும் பொறியாளர்களும்தான் இருந்தார்கள். அப்படியே பொருந்தும் என்று வைத்துக்கொண்டாலும், கேட்க வேண்டியது நீங்களோ உங்கள் மகனின் குடும்பமோ அல்ல, இந்திய அரசு. அதுவும் தூதரக வழியாக, ஓராண்டுக்குள். வெளியுறவு அமைச்சகம் மறுத்துவிட்டால் இந்த உடன்படிக்கையில் உங்களுக்கு வேறு கதவு கிடையாது. பத்து நிமிட உல்லாசப் பயணத்துக்காக டெல்லி வாஷிங்டனோடு மல்லுக்கு நிற்கும் என்று நான் நம்பவில்லை.

1968இன் மீட்பு உடன்படிக்கையையும் சிலர் இழுப்பார்கள். விண்கலத்தின் 'பணியாளர்' வேறு நாட்டில் விழுந்தால் காப்பாற்றித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அது. பயணி பணியாளரா என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். விழுந்து கிடப்பவனை எந்த நாடும் டிக்கெட் கேட்டுவிட்டுத் தூக்கப்போவதில்லை, கடந்து போகலாம்.

சர்வதேசச் சட்டம் கைவிட்ட இடத்தை யார் நிரப்புவது? 1967 உடன்படிக்கையின் ஆறாவது பிரிவின்படி அந்தந்த நாட்டின் உள்நாட்டுச் சட்டம். உங்கள் விஷயத்தில் அமெரிக்கச் சட்டம். அதைப் படித்தால் உங்களுக்குத் தூக்கம் வராது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

2004இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு முடிவெடுத்தது. தனியார் ராக்கெட்டுக்கு உரிமம் கொடுப்பது விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் எஃப்.ஏ.ஏ. அந்த உரிமத்துக்கான சோதனை, கீழே இருக்கும் பொதுமக்களுக்கும் அவர்கள் சொத்துக்கும் ஆபத்து வருமா என்பது. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் பாதுகாப்புக்கு விதி வகுக்கக் கூடாது என்று எஃப்.ஏ.ஏ.வின் கையைச் சட்டமே கட்டிவைத்தது. மரணமோ கடும் காயமோ, அதற்கு நெருங்கிய ஆபத்தோ நேர்ந்த பிறகு மட்டும் அதைப் பற்றி விதி செய்யலாம். தொழில் குழந்தையாக இருக்கிறது, நடை பழகட்டும் என்பது காரணம். இதைக் 'கற்கும் காலம்' என்கிறார்கள். எட்டு ஆண்டு என்று ஆரம்பித்தது 2015 ஆயிற்று, 2023 ஆயிற்று, இப்போது 2028 ஜனவரி 1 வரை நீண்டிருக்கிறது. இத்தனை வருடம் நடை பழகும் குழந்தையை நான் பார்த்ததில்லை.

விதிக்குப் பதிலாக வைத்திருப்பது ஒரு படிவம். ஏறுவதற்கு முன் நிறுவனம் பயணிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: உயிர் போகலாம், கடும் காயம் படலாம், உடல் அல்லது மன இயக்கம் முழுமையாகவோ பாதியாகவோ போகலாம், எங்களுக்கே தெரியாத ஆபத்துகளும் உண்டு, மனிதரை ஏற்றிச் சென்ற ராக்கெட்டுகளின் இதுவரையான விபத்துக் கணக்கு இது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி: மனிதரை ஏற்றிச் செல்லப் பாதுகாப்பானது என்று இந்த வாகனத்துக்கு அமெரிக்க அரசு சான்று அளிக்கவில்லை. வாய்மொழியாகக் கேள்வி கேட்க வாய்ப்புத் தர வேண்டும். பிறகு பயணி கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தோடு, அமெரிக்க அரசின் மேல் வழக்குப் போடமாட்டேன் என்ற உறுதியும். துப்பாக்கி, வெடிபொருள், கத்தி கொண்டு வரக் கூடாது என்றும் விதியில் இருக்கிறது. அதில் மட்டும் கண்டிப்பு.

கிண்டல் செய்தாலும், அந்தப் படிவத்தை நான் மதிக்கிறேன். பொய் சொல்லவில்லை. நம் ஊரில் பத்து ரூபாய் ராட்டினத்தில்கூட யாரும் இவ்வளவு நேர்மையாக எச்சரிப்பதில்லை. 2023 ஜூனில் டைட்டானிக் சிதிலத்தைப் பார்க்கப் போய் நொறுங்கிய நீர்மூழ்கியில் ஏறிய பயணிகளும் இதேபோலக் கையெழுத்திட்டவர்கள்தான் என்பது வேறு விஷயம்.

கையெழுத்துக்குப் பின்னால் மாநிலச் சட்டங்கள் காவல் நிற்கின்றன. விர்ஜினியா, ஃபுளோரிடா, டெக்சாஸ், நியூ மெக்சிகோ போன்ற ராக்கெட் மாநிலங்கள், ஆபத்தை அறிந்து கையெழுத்திட்ட பயணி நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுக்க முடியாதபடி தனிச் சட்டம் போட்டிருக்கின்றன. மிக மோசமான அலட்சியம், வேண்டுமென்றே செய்த தீங்கு போன்றவற்றை நிரூபித்தால்தான் கதவு திறக்கும். சாதாரணக் கவனக்குறைவு போதாது.

இதை நம் ஊர்ச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் வேடிக்கை. 1960களில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு சலவைக்கடை வழக்கு வந்தது. புதுப் புடவை ஒன்று தொலைந்துவிட்டது. ரசீதின் பின்னால், தொலைந்தால் விலையில் 15 சதவீதம்தான் தருவோம் என்று அச்சடித்திருந்தார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொதுநலனுக்கு விரோதமான நிபந்தனை என்றது. 2019இல் உச்ச நீதிமன்றமும், சாவி வாங்கி நிறுத்திய கார் தொலைந்த வழக்கில், 'உரிமையாளரே பொறுப்பு' என்று டோக்கனில் எழுதிவிட்டு ஓட்டல் தன் அலட்சியத்திலிருந்து நழுவ முடியாது என்றது. புடவைக்கும் காருக்கும் இருக்கும் இந்தப் பாதுகாப்பு மகனுக்கு இல்லையா என்று கேட்பீர்கள். இந்தியச் சட்டம் பொருந்தினால் நல்ல வாதம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் எந்த மாநிலச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம் என்று முன்பே எழுதியிருப்பார்கள். அங்கே டெக்சாஸ் என்று இருந்தால், பாரிமுனையில் நான் எவ்வளவு உரக்க வாதிட்டாலும் நீதிபதி பெரும்பாலும் டெக்சாஸுக்கே வழி காட்டுவார்.

விண்கலத்தையும் ஒரு விமானம் என்று சொல்லி மான்ட்ரியலுக்குள் நுழைத்துவிட முடியாதா என்று ஓர் இளைய வக்கீல் என்னிடம் கேட்டார். புத்திசாலித்தனமான கேள்வி. விமானம் என்றால் காற்றின் எதிர்விசையால் வளிமண்டலத்தில் தாங்கி நிற்பது என்பது சர்வதேச இலக்கணம். விர்ஜின் கேலக்டிக் என்ற தனியார் நிறுவனத்தின் கலம் தாய் விமானத்தின் இறக்கைக்கு அடியில் தொங்கிக்கொண்டு மேலே போனது, ராக்கெட்டை மூட்டி 80 கிலோமீட்டருக்கு மேல் ஏறியது, சிறகை மடக்கிக் கீழே வந்தது, கடைசியில் கிளைடராக ஓடுதளத்தில் இறங்கியது. ஒரே பயணத்தில் மூன்று அவதாரம். எந்த அவதாரத்தில் விபத்து நடந்தது என்று பார்த்துச் சட்டத்தை மாற்றுவதா? இன்னொரு நிறுவனமான ப்ளூ ஆரிஜினின் கூண்டு 100 கிலோமீட்டரைத் தாண்டி, பாராசூட்டில் இறங்கியது. 100 கிலோமீட்டரில் விண்வெளி தொடங்குகிறது என்பது பரவலான வழக்கு. அமெரிக்கக் கணக்கு 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர். உடன்படிக்கைகளில் எந்தக் கோடும் இல்லை. ஐ.நா.வின் விண்வெளிக் குழு 1960களிலிருந்து இதை விவாதித்துக்கொண்டே இருக்கிறது. வல்லரசுகளுக்குக் கோடு தேவையில்லை. கோடு இல்லாதவரை கேள்வியும் இல்லை. கோடு போட்டாலும் உங்கள் மகனுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது என்பதுதான் என் கருத்து. விமானம் அல்லாத ஒன்றின் பயணிக்கு இழப்பீடு இவ்வளவு என்று நாடுகள் உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு.

அப்படி எழுதாமலேயே காரியம் நடந்த ஓரிடம் சர்வதேச விண்வெளி நிலையம். 2001 ஏப்ரலில் டென்னிஸ் டிட்டோ என்ற அமெரிக்கச் செல்வந்தர் ரஷ்யர்களுக்குப் பணம் கட்டி சோயுஸில் போனார். நாசா முகத்தைச் சுளித்தது. உடைத்தால் நானே பணம் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் ஏற முடிந்தது. அடுத்த ஆண்டே பங்காளி நாடுகள் உட்கார்ந்து, யார் வரலாம், என்ன பயிற்சி, என்ன உடல் தகுதி, யார் சொல்லைக் கேட்க வேண்டும் என்று விதி எழுதின. அதில் அவர்களுக்கு வைத்த பெயர் 'விண்பயணப் பங்கேற்பாளர்'. சுற்றுலாப் பயணி என்று சொல்ல யாருக்கும் மனம் இல்லை.

2025 ஜூன் 25 அன்று நம் சுபான்ஷு சுக்லா போனதும் ஒரு தனியார் பயணம்தான்: ஆக்ஸியம் நிறுவனத்தின் ஏற்பாடு, ஸ்பேஸ்எக்ஸின் கலம், இஸ்ரோவின் பணம். ஆனால் அவருக்குப் பின்னால் ஓர் அரசு நின்றது. ஒப்பந்தத்தை அரசின் வக்கீல்கள் வரிவரியாகப் பார்த்திருப்பார்கள். 2024 மே மாதம் ப்ளூ ஆரிஜினில் போன கோபி தோட்டக்குராவைத்தான் நீங்கள் ஒப்பிட வேண்டும். முதல் இந்திய விண்வெளிச் சுற்றுலாப் பயணி. அவர் நிலைதான் உங்கள் மகன் நிலை.

இந்தியாவில் என்ன சட்டம் என்று கேட்காமல் இருக்க மாட்டீர்கள். நாடாளுமன்றம் இயற்றிய விண்வெளிச் சட்டம் என்று ஒன்று இல்லை. 2017இல் ஒரு வரைவு வந்தது, அப்படியே நின்றது. 2023இல் கொள்கை, 2024 மே மாதம், தனியார் விண்வெளி முயற்சிகளுக்கு அனுமதி தரும் இன்ஸ்பேஸ் அமைப்பின் நெறிமுறைகள். சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து ராக்கெட்டை விட்டது இந்த ஏற்பாட்டின் கீழ்தான். அதில் ஆள் இல்லை. குலசேகரப்பட்டினம் ஏவுதளம் தயாராகி, என்றைக்காவது ஒரு தனியார் கலம் அங்கிருந்து ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், ஏவும் நாடு இந்தியா; வெளிநாட்டில் சேதம் என்றால் கட்டுவது நம் வரிப்பணம். பயணிக்கு எவ்வளவு, நிறுவனத்திடமிருந்து அரசு எப்படித் திரும்ப வசூலிக்கும் என்பதெல்லாம் கொள்கைக் குறிப்பால் தீர்வதில்லை, சட்டம் வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? போகாதே என்று சொல்லச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை. சொன்னாலும் மகன் கேட்கப்போவதில்லை. கையெழுத்துப் போடும் முன் முழு ஒப்பந்தத்தையும் வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். எந்த மாநிலச் சட்டம், நீதிமன்றமா நடுவர் மன்றமா, முன்பணம் எப்போது திரும்பும், குடும்பத்தின் வழக்குரிமையையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறாரா என்ற நான்கையும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் உரிமை விதியிலேயே இருக்கிறது. கடந்த பயணங்களில் என்னென்ன கோளாறு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் அவருடைய தனிநபர் விபத்துக் காப்பீட்டை எடுத்து 'விலக்குகள்' பகுதியைப் பாருங்கள். நம் நாட்டுப் பாலிசிகளில் வழக்கமாக ஒரு வாசகம் இருக்கும்: முறையாக உரிமம் பெற்ற, வழக்கமான வகை விமானத்தில் பயணியாகச் செல்லும்போது தவிர, வேறு எந்த வான்பயணத்துக்கும் இழப்பீடு இல்லை. அமெரிக்க அரசே சான்று அளிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்த வாகனத்தை 'வழக்கமான வகை விமானம்' என்று காப்பீட்டு நிறுவனத்திடம் வாதிட என்னால் முடியாது. தனி பாலிசி கிடைக்குமா, என்ன பிரீமியம் என்று பயணத்துக்குப் பல மாதங்கள் முன்பே எழுதிக் கேளுங்கள். ஏஜென்ட் போனில் சொல்வதை நம்ப வேண்டாம். ராக்கெட் என்ற சொல் பாலிசியில் அச்சாகி வரட்டும்.